மாகிம் கரையில் பொறுக்குவதா, மித்தி ஆற்றுக்கு வருமுன் மறிப்பதா?

கரைநடை

போன ஞாயிறு நம் மும்பைத் தமிழர் குழுக் கூட்டத்தில் கிளம்பிய பேச்சு அங்கே முடியவில்லை. வராதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பொங்கல் விழாச் செலவு போக நம்மிடம் 36,000 ரூபாய் மிச்சம். மாகிம் ரேத்தி பந்தர் கரையில் நாங்கள் சிலர் இரண்டு வருடமாக ஞாயிறு காலையில் குப்பை எடுக்கிறோம். கையுறை, கோணி, சல்லடை, வண்டி வாடகைக்கு அந்தப் பணத்தைத் தரலாம் என்று கேட்டேன். தாராவித் தம்பி ஒருவர் எழுந்து, கரையில் பொறுக்குவது வீண் வேலை என்றார். பாதிப் பேர் தலையாட்டினார்கள். வீட்டுக்கு வந்தும் எனக்கு மனசு ஆறவில்லை.

வீண் என்பவர்கள் இதே மும்பையின் வெர்சோவா கடற்கரையைப் பாருங்கள். 2015 அக்டோபரில் அஃப்ரோஸ் ஷா என்ற வழக்கறிஞரும், பக்கத்து வீட்டில் இருந்த 84 வயது ஹர்பன்ஷ் மாத்தூரும் இரண்டே பேராக இறங்கினார்கள். வாராவாரம் ஆள் கூடியது. சுமார் இரண்டரை கிலோமீட்டர் கரையில் மணலே தெரியாமல் கிடந்த குப்பை போனது. 2016இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு ஷாவுக்கு விருது கொடுத்தது. எனக்கு விருது முக்கியமில்லை. 2018 மார்ச்சில் அதே மணலில் ஆமைக் குஞ்சுகள் பொரிந்து, எண்பது போல, கடலுக்கு ஊர்ந்து போயின. நம் ஊரில் பங்குனி ஆமை என்போமே, அதேதான். பங்குனி மாதத்திலேயே வந்தன. அந்தக் கரை அழுக்காகவே கிடந்திருந்தால் தாய் ஆமை எங்கே குழி தோண்டியிருக்கும்?

தொண்ணூறடி ரோடு

அக்கா, அந்தத் தம்பி நாந்தான். ஒங்கள நோகடிக்கணும்னு சொல்லல. ஒங்க ஒழைப்பக் கொறச்சும் பேசல. ஆனா தப்பான எடத்துல ஒழைக்கீங்கன்னு இப்பவும் சொல்லுதேன்.

எங்க அய்யா தாராவி பதிமூணாம் காம்பவுண்டுல இருவது வருசமா பிளாஸ்டிக் அரைக்காவ. அங்க வளந்தவன் சொல்லுதேன், கேளுங்க. ஒரு தண்ணி பாட்டில் வீட்டு வாசல்ல கெடந்தா பழைய சாமான் வாங்குத பங்கார்க்காரர் காசு குடுத்து எடுப்பாரு. அதே பாட்டில் சாக்கடையில விழுந்துட்டா வெல பாதி. மித்தி வழியா போயி, கடல்ல கெடந்து, உப்பும் மணலும் ஏறி ஒங்க கோணிக்கு வந்தா அதுக்கு வெலையே கெடையாது. மணல் இருந்தா மெஷின் பிளேடு மழுங்கிரும். வெயில்ல காஞ்ச சாமான் வெரல வச்சாலே நொறுங்கும், அத உருக்கிக் குருணையா எடுத்தா யாரும் வாங்க மாட்டாவ. அப்பொ நீங்க பொறுக்குதது எங்க போவுது? லாரி ஏறித் தேவனார் குப்பமேட்டுக்கோ காஞ்சூர்மார்க் குப்பமேட்டுக்கோ போயி மலையில மலையாக் கெடக்கும். கடல்லருந்து எடுத்து மேட்டுல வச்சாச்சு, அவ்வளவுதான்.

இன்னொண்ணு. எங்க பட்டறையில தரம் பிரிக்கத் தண்ணித் தொட்டி இருக்கு. பால்கவரு, மூடி, பக்கெட்டுச் சாமான் எல்லாம் மெதக்கும். பெட் பாட்டில் துண்டு, பைப்புச் சாமான் முங்கிரும். கடலும் அதத்தான் செய்யுது. ஒங்க கரைக்கு வாரது பெரும்பாலும் மெதக்குததுதான். முங்குனது அடியில கெடக்கு. அத எந்த ஞாயித்துக்கெழமையும் எடுக்க முடியாது.

வெல உள்ள சாமான் எதுவும் எங்க பக்கம் ஆத்துக்குப் போவாது. கொழந்தகூட விடாது. போறது பூரா யாரும் வாங்காத சாமான்: சிப்ஸ் கவரு, ஷாம்பு பாக்கெட்டு, பான் மசாலா சரம், தெர்மாகோல். உள்ள வெள்ளித்தாளும் பிளாஸ்டிக்கும் ஒட்டிக் கெடக்கதால பிரிக்க முடியாது, அதான் எடுக்க ஆளில்ல. அந்த 36,000 ரூவாய வச்சு, எங்க சந்துல குப்ப பொறுக்குத நாலு பொம்பளையளுக்கு ‘சிப்ஸ் கவரு கிலோவுக்கு இவ்வளவு’ன்னு சொல்லிக் குடுங்க. மித்திக்குப் போறதுக்கு முன்னாலயே நின்னுபோவும்.

செம்பூர் வாசி

இருவரும் நல்ல நோக்கத்தோடு பேசுகிறீர்கள். இருவருமே வேறொருவர் செய்ய வேண்டிய வேலையைச் செய்கிறீர்கள் என்பதுதான் என் வருத்தம்.

1950களிலிருந்து 2015 வரை உலகம் உற்பத்தி செய்த பிளாஸ்டிக் சுமார் 830 கோடி டன். குப்பையானதில் மறுசுழற்சிக்குப் போனது ஏறத்தாழ 9 சதவீதம் என்று 2017இல் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அள்ளி அள்ளி இதை ஈடுகட்ட முடியாது. குழாய் திறந்திருக்கும்போது தரையைத் துடைக்கிறோம்.

நம் மகாராஷ்டிர மாநிலத்தில் சட்டத்துக்குப் பஞ்சமில்லை. மெல்லிய பைகளுக்கு 2006இலேயே தடை. அதற்கு முந்தைய ஆண்டு ஜூலை 26இல் சாந்தாக்ரூசில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை கொட்டியதும், வடிகால்களைப் பைகள் அடைத்துக்கொண்டதும் இந்தத் தலைமுறைக்குத் தெரியாது. பிறகு 2018 ஜூன் 23 முதல் பெரிய தடை, முதல் முறைக்கு 5,000 ரூபாய் அபராதம். 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் ஒருமுறை பயன்படுத்தும் 19 வகைப் பொருட்களுக்குத் தடை. அந்தப் பட்டியலில் ஸ்ட்ரா இருக்கிறது, ஸ்பூன் இருக்கிறது. தம்பி சொன்ன சிப்ஸ் கவரும் ஷாம்பு பாக்கெட்டும் இல்லை. அவற்றைத் தயாரிப்பவர்களே திரும்ப எடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது, ஆனால் எடுத்ததாகச் சான்றிதழ் வாங்கிக் கணக்கைக் காட்டிவிடுகிறார்கள். நம் சந்துக்கு யாரும் வந்து எடுப்பதை நான் பார்த்ததில்லை.

தமிழ்நாட்டில் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். நீலகிரியில் 2022 முதல் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருகிறார்கள். பெரும்பாலான பாட்டில்கள் திரும்பி வருகின்றன. பாட்டில் உடைந்து யானையின் காலைக் கிழித்த காடு அது. நம் பணத்தைக் கோணி வாங்கவோ கூலி தரவோ செலவழிக்காமல், இதையே இங்கும் கேட்டு மனு எழுதவும், வழக்கறிஞரைப் பார்க்கவும் வைக்கலாம்.

கரைநடை

சார், நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் 2006இலிருந்து மூன்று சட்டம் வந்து நின்ற இடத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள். நான்காவது மனுவுக்காக நான் கரையை விட்டுவர முடியாது. காரணம் சொல்கிறேன்.

மாகிம் கழிமுகத்தில் அலையாத்திச் செடிகள் இருக்கின்றன. அவற்றின் மூச்சுவேர் சேற்றுக்கு மேலே விரல் விரலாக நிமிர்ந்து நிற்கும். அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் தாள் படிந்தால் வேருக்குக் காற்று இல்லை. கன்று வாடிச் சாகும். அந்தச் சேற்றில் எந்த இயந்திரமும் இறங்காது. கையால் ஒவ்வொன்றாக உரித்தெடுத்தால்தான் உண்டு. தம்பி, நாளையே மித்தியை மறித்துவிடுங்கள், அப்போதும் ஏற்கெனவே வேரைச் சுற்றியிருப்பதை யாராவது எடுக்க வேண்டும். அதை மட்டும் வீண் என்று சொல்லாதீர்கள்.

ஆடி மாதத்தில் கடல் பெருகும்போது, எடுத்த இடத்திலேயே மறுநாள் அதே அளவு வந்து கிடக்கும். அழுகையே வந்திருக்கிறது. இருந்தாலும் என் மகள் இப்போது கடையில் பாக்கெட்டைக் கையில் எடுத்து, பின்பக்கம் திருப்பிப் பார்த்து, கீழே வைக்கிறாள். அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. சேற்றில் கற்றுக்கொண்டாள்.

ஆண்டாப் ஹில் பொண்ணு

தொண்ணூறடி அண்ணா, உங்க பட்டறையைப் பத்தி நீங்க சொன்னதுல ஒண்ணு விட்டுப்போச்சு. அந்தத் தொட்டித் தண்ணி எங்கே போகுது?

நான் கேட்கிறது சண்டைக்கு இல்லை. தாராவியில மெஷின்ல அரைச்ச துண்டைச் சோடாவும் சோப்பும் போட்டுக் கழுவுறாங்க, மொட்டை மாடியில காயவைக்கிறாங்க. கழுவின தண்ணி நேரா சாக்கடை, சாக்கடை நேரா மித்தி. அதோட அரிசிக் குருணை மாதிரி நிறநிறமாத் துண்டு போகுது. பாட்டிலையாவது கரைநடை அக்கா கையால எடுக்கலாம். குருணையை எந்தச் சல்லடை பிடிக்கும்? அதை மீன் தின்னும்.

அப்புறம் அந்த நாலு பொம்பளைங்க. கிலோவுக்கு இவ்வளவுன்னு சொல்றீங்களே, சிப்ஸ் கவர்ல ஒரு கிலோ சேர்க்க எத்தனை நேரம் குனியணும்? வெயிட்டே இல்லாத சாமான் அது. கிலோ கணக்குல குடுத்தா அவங்க முதுகுலதான் நாம மித்தியைச் சுத்தம் பண்றோம். நாள் கூலியா குடுக்கணும். புனேல 2008லேருந்து குப்பை பொறுக்குறவங்களே சொந்தமா ஒரு கூட்டுறவு நடத்துறாங்க, ஸ்வச்சுன்னு பேரு. மாநகராட்சியோட ஒப்பந்தம், வீட்டுக்கு வீடு மாசக் கட்டணம், அடையாள அட்டை. அங்கே குப்பைக்கு விலை இருந்தாலும் இல்லாட்டியும் எடுக்கிறவங்களுக்கு அந்தக் கட்டணம் உண்டு.

தொண்ணூறடி ரோடு

நீ கேட்டது நியாயம்மா. எனக்குச் சுருக்குன்னுதான் இருந்துச்சு. தொட்டித் தண்ணி சாக்கடைக்குத்தான் போவுது. கடசித் தொட்டியில ஒரு வலத்துணி கட்டுவோம், துண்டு போனா எங்களுக்கும் நட்டம். ஆனா பொடி நிக்காது, மறைக்கல.

ஒரு வார்த்த மட்டும். தாராவி அரைக்கல்லன்னா இந்த ஊரு பிளாஸ்டிக் எங்க போகும்? எங்க அய்யாவுக்கு மூச்சு வாங்குது, கையில வெந்த தழும்பு. மாஸ்க்குப் போடச் சொன்னா கேக்க மாட்டாவ. அவங்க குத்தம் பண்ணுதாவன்னு யாரும் நெனச்சிரக் கூடாதுன்னுதான் அன்னைக்குக் கூட்டத்துல சத்தமாப் பேசிட்டேன். அக்கா, அது ஒங்க மேல உள்ள கோவம் இல்ல.

நாள் கூலி விசயத்துல தங்கச்சி சொன்னதுதான் சரி. நான் அத யோசிக்கல.

தூத்தூர் கடலோடி

நான் இங்கே சசூன் டாக் மீன்பிடித் துறைமுகத்தில் படகில் இருக்கிறேன், ஊர் குமரி மாவட்டம். உங்கள் பேச்சில் கடலுக்குள் இருப்பவன் யாரும் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

வலையை இழுத்தால் மீனோடு பிளாஸ்டிக் வருகிறது. கரை ஓரம் வலை கட்டும் இந்த ஊர் மீனவர்களான கோலிக்காரர்களுக்கு இன்னும் மோசம். மழை விட்டு முதல் நாட்களில் பாதி வலை குப்பை, அதைப் பிரிக்கவே வேலை நேரம் போகும். முன்பெல்லாம் பிரித்துத் திரும்பக் கடலிலேயே போடுவோம். படகில் இடம் இல்லை, கரையில் கொண்டு வந்தாலும் வாங்குவார் இல்லை. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது. அறுந்த நைலான் வலையையும் விட்டுவிட்டு வந்திருக்கிறோம். அது கடலில் கிடந்து வருடக்கணக்கில் மீன் பிடித்துக்கொண்டே இருக்கும், ஆமையும் மாட்டும்.

கொல்லம் சக்திகுளங்கரையில் 2017இல் கேரள அரசு படகுகளுக்குப் பை கொடுத்தது. வலையில் வந்ததைப் பையில் போட்டுத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தால் அங்கே பெண்கள் கழுவிப் பிரித்து, துண்டாக்கி, சாலை போடத் தருகிறார்கள். பை கொடுத்து, வாங்க ஆளும் வைத்தால் நாங்கள் கொண்டுவருவோம். எங்களைத் தேடி யாராவது வரவேண்டும், அவ்வளவுதான்.

செம்பூர் வாசி

சாலை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த முறையைக் கண்டவர் நம் மதுரைக்காரர், தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் இராஜகோபாலன் வாசுதேவன். 2018இல் பத்மஸ்ரீ பெற்றார். சூடான ஜல்லியின்மேல் பிளாஸ்டிக் துண்டைத் தூவினால் அது உருகி ஜல்லியைப் போர்த்திக்கொள்ளும், பிறகு தார் நன்றாகப் பிடிக்கும். தம்பி சொன்ன யாரும் வாங்காத கவர்களையும் அதில் போடலாம், குழாய் செய்யும் பிவிசி மட்டும் கூடாது. ஆக விலையில்லாத சாமானுக்கும் ஓர் இடம் இருக்கிறது. ஆனால் சாலை தேயும்போது என்ன ஆகும் என்ற கேள்வி எனக்கு உண்டு. உற்பத்தியைக் குறைப்பதற்கு இது மாற்றாகாது.

உலக நாடுகள் இதற்கு ஓர் ஒப்பந்தம் போட 2022இல் நைரோபியில் முடிவெடுத்தன. 2024இல் பூசானிலும் 2025இல் ஜெனீவாவிலும் கூடி, உடன்பாடில்லாமல் கலைந்தன. உற்பத்திக்கு வரம்பு வைப்பதில்தான் முட்டுகிறது. மனு எழுதுவதை நான் விடப்போவதில்லை.

கரைநடை

எழுதுங்கள் சார், நான் கையெழுத்து வாங்கித் தருகிறேன். கரையில் எடுக்கும் கவர்களைக் கம்பெனி வாரியாகப் பிரித்து எண்ணி உங்களிடம் தருகிறோம். எந்தக் கம்பெனி கவர் எவ்வளவு என்று மனுவில் போடலாம். இதுவரை நாங்கள் எண்ணியதே இல்லை. எடை மட்டும் எழுதிவைத்தோம்.

பணம் பற்றி என் முடிவு மாறிவிட்டது, முழுதாக இல்லை. கையுறையும் கோணியும் நாங்களே வாங்கிக்கொள்கிறோம். மொத்தத்தையும் தாராவிச் சந்தில் நாள் கூலிக்கே போடலாம். ஆனால் வண்டி வாடகைக்கு 6,000 வேண்டும். அதை விட்டுத்தரமாட்டேன். குவித்த கோணியை எடுக்க வண்டி வராமல் போய், அலை வந்து எல்லாவற்றையும் திரும்ப இழுத்துக்கொண்டு போனதை இரண்டு முறை நின்று பார்த்திருக்கிறேன்.

தொண்ணூறடி ரோடு

6,000 சரி அக்கா. மிச்சம் 30,000த்துல நாலு பேருக்கு எத்தன நாள் கூலி ஓடும்னு பாருங்க, ரொம்ப நாள் வராது. அது தீந்தப்பொறம் என்னன்னு இப்பவே பேசணும். இல்லன்னா ஆச காட்டி விட்டமாதிரி ஆயிரும், அந்தப் பொம்பளையளுக்கு நான் பதில் சொல்லணும்.

ஆண்டாப் ஹில் பொண்ணு

எங்க கட்டடத்துல 48 வீடு. வீட்டுக்கு மாசம் அம்பது ரூபாய் கேட்டுப் பார்க்கிறேன். எல்லாரும் தருவாங்கன்னு சொல்லமாட்டேன். தொட்டித் தண்ணி விஷயத்தை நான் மறக்கலை அண்ணா.

தொண்ணூறடி ரோடு

அய்யாகிட்ட நேத்தே கேட்டேன். பொடி படிய இன்னொரு தொட்டி கட்டலாம், எடம் எங்கலன்னு கேக்காவ. பத்துக்குப் பத்துப் பட்டறை. மாடியில வைக்க முடியுமான்னு பாக்கேன். ஞாயித்துக்கெழமை நானும் ரேத்தி பந்தருக்கு வாரேன், அந்த வேர நேர்ல பாக்கணும்.

தூத்தூர் கடலோடி

வருவதானால் நீர் வற்றும் நேரத்துக்கு வாருங்கள். இந்த ஞாயிறு காலை எட்டுக்குள் சேற்றிலிருந்து ஏறிவிட வேண்டும். பழைய வலை அறுக்கும் கத்தி இரண்டு நான் கொண்டுவருகிறேன். செருப்பு வேண்டாம், சேறு பிடுங்கிக்கொள்ளும். கட்டு ஷூ போட்டு வாருங்கள்.