பயன்படுத்தப்படாத பற்றரியைப் புதிய பற்றரி என்று விற்கலாமா?

வெள்ளவத்தைவாசி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு எழுபத்து நான்கு வயது. நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் காரணமாக, காற்றிலிருந்து ஒட்சிசனைப் பிரித்துத் தரும், தோளில் மாட்டிச் செல்லக்கூடிய சிறிய ஒட்சிசன் செறிவாக்கி ஒன்றை அவர் நான்கு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறார். வீட்டில் அது சுவர் மின்சாரத்தில் இயங்கும். கிளினிக்குக்குப் போகும்போதும் மின்சாரம் நிற்கும்போதும் பற்றரியைத் தவிர வேறு வழியில்லை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்ட அன்று பழைய பற்றரி ஒரு மணித்தியாலமும் இருபது நிமிடமும் மட்டுமே தாக்குப்பிடித்தது. அதன் பிறகு மாலை வரை, அவசரத்துக்கென்று வாங்கி வைத்திருந்த சிறிய சிலிண்டரின் அளவுமானியைப் பார்த்தபடியே அம்மாவும் நானும் அப்பாவின் அருகில் உட்கார்ந்திருந்தோம். அப்படி ஒரு நாள் மறுபடியும் வரக்கூடாது என்பதற்காகவே புதிய பற்றரி வாங்க முடிவு செய்தோம்.

மே மாதம் 10ஆம் திகதி கொழும்பிலுள்ள ஒரு மருத்துவ உபகரணக் கடையில் 95,000 ரூபா கொடுத்து அதே கருவிக்குரிய பற்றரியை வாங்கினேன். பெட்டி முத்திரையுடன் இருந்தது. "புத்தம் புதியது, கருவியின் நிலை 2இல் நான்கு மணித்தியாலம் இயங்கும்" என்று விற்பனையாளர் வாயாலும் சொன்னார். பெட்டியிலும் அவ்வாறே அச்சிடப்பட்டிருந்தது. (நிலை என்பது கருவி தரும் ஒட்சிசனின் அளவைக் குறிக்கும் எண்.) ஆனால் முதல் வாரத்திலிருந்தே அது இரண்டு மணித்தியாலத்தைக்கூட எட்டவில்லை. திருப்பிக் கொண்டுபோனபோது, நோயாளி வேகமாக மூச்சு விடுவதால் அப்படித்தான் ஆகும் என்றும், பற்றரிக்கு உத்தரவாதம் கிடையாது என்றும், "விற்ற பொருட்கள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று பற்றுச்சீட்டில் அச்சிட்டிருப்பதைப் பார்க்கவில்லையா என்றும் கேட்டார்கள்.

வீட்டுக்கு வந்து பற்றரியின் அடிப்பக்கத்தைக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். உற்பத்தித் திகதி 2022 மார்ச் என்று சிறிய எழுத்தில் இருந்தது. நான் வாங்கியபோதே அதற்கு மூன்று வயது கடந்துவிட்டது. தொலைபேசியில் இதைச் சொன்னபோது, "யாரும் பயன்படுத்தாத பற்றரி புதிய பற்றரிதான்" என்று கடையின் முகாமையாளர் பதிலளித்தார். அவர் கூறுவது சரியா? என் பக்கம் நியாயம் இருந்தால் அதை எப்படி நிரூபிப்பது? வாங்கி ஏழு வாரங்கள் ஆகிவிட்டன.

கொட்டாஞ்சேனைவாசி:

இதற்கு ஏன் இவ்வளவு யோசிக்கிறீர்கள்? கடையின் பெயரைப் பற்றுச்சீட்டின் படத்துடன் முகநூலில் போடுங்கள். நோயாளியின் மூச்சுடன் விளையாடுகிறவர்களை ஊர் அறியட்டும்.

உபகரணப் பராமரிப்பாளர்:

வணக்கம் ஐயா. வைத்தியசாலை உபகரணங்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். முகாமையாளரின் வாதம் ஒரு சக்கர நாற்காலிக்குப் பொருந்தலாம். லித்தியம் அயன் பற்றரிக்குப் பொருந்தாது. இந்தப் பற்றரி இரண்டு வழிகளில் தேய்கிறது. மின்னேற்றி இறக்கும் ஒவ்வொரு சுற்றிலும் சிறிது தேய்வது ஒரு வழி. ஒன்றுமே செய்யாமல் அலமாரியில் கிடக்கும்போதும் உள்ளே இரசாயன மாற்றம் நடந்து கொள்ளளவு குறைந்துகொண்டே போவது மற்றொரு வழி. இந்த இரண்டாவது தேய்வைச் சூடு விரைவுபடுத்தும். பாதியளவு மின்னேற்றத்துடன் குளிர்ச்சியான இடத்தில் வைத்துச் சில மாதங்களுக்கு ஒருமுறை மீண்டும் ஏற்றி வந்தால் பற்றரி நன்றாகத் தாங்கும். குளிரூட்டி இல்லாத களஞ்சியத்தில் தகரக் கூரையின் கீழ் மூன்று ஆண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்த பற்றரி, மின்னழுத்தம் பாதுகாப்பான எல்லைக்குக் கீழே இறங்கி நிரந்தரமாகக் கெட்டுப் போகவும் கூடும். ஆகவே முத்திரை உடையாத பெட்டி என்பது யாரும் அதைப் பயன்படுத்தவில்லை என்பதை மட்டுமே காட்டும்.

இதை நிரூபிக்க ஊகம் தேவையில்லை. இவ்வகைப் பற்றரிகளுக்குள் ஒரு சிறு மின்சுற்று இருக்கிறது. உற்பத்தித் திகதி, எத்தனை முறை மின்னேற்றப்பட்டது, வடிவமைக்கப்பட்ட கொள்ளளவு எவ்வளவு, முழுமையாக ஏற்றினால் இப்போது கிடைக்கும் கொள்ளளவு எவ்வளவு ஆகிய விவரங்களைப் பெரும்பாலும் அதிலிருந்து வாசிக்கலாம். சில கருவிகள் அவற்றைத் தமது திரையிலேயே காட்டும். மற்றவற்றுக்குப் பராமரிப்பவரிடம் உள்ள மென்பொருள் தேவைப்படும். அந்த வாசிப்பை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். அதற்கு முன் ஒருமுறை பற்றரியை முழுமையாக ஏற்றி, கருவி தானாக நிற்கும்வரை இயக்கி, மீண்டும் முழுமையாக ஏற்றுங்கள். நீண்ட காலம் கிடந்த பற்றரியின் உள் அளவீடு அப்போதுதான் சரியாகும்.

கடைக்காரர் மூச்சின் வேகத்தைப் பற்றிச் சொன்னது முழுவதும் தவறன்று. மூச்சை உள்ளிழுக்கும் கணத்தில் மட்டும் ஒட்சிசனைத் தரும் கருவிகளில், பெட்டியில் போட்டிருக்கும் நேரம் ஒரு குறிப்பிட்ட நிலைக்கும் ஒரு குறிப்பிட்ட மூச்சு எண்ணிக்கைக்கும் கணக்கிடப்பட்டது. நிமிடத்துக்கு 20 மூச்சு என்பது பல உற்பத்தியாளர்கள் எடுத்துக்கொள்ளும் அளவு. உங்கள் தந்தை 24 முறை மூச்சு விட்டால் நேரம் ஓரளவு குறையும், பாதியாகக் குறையாது. நிலை 4இல் வைத்து இயக்கிவிட்டு நிலை 2க்குரிய நேரத்தைக் கேட்டால்தான் உங்கள் வாதம் பலவீனமாகும். இன்னொன்று, கருவியின் காற்று வடிகட்டியைக் கழற்றிப் பாருங்கள். அதில் தூசி அடைத்திருந்தால் மோட்டார் கூடுதலாக உழைக்கும், பற்றரியும் விரைவில் தீரும். பிழை உங்கள் பக்கத்தில் இருக்கிறதா என்பதை முதலில் நீங்களே தேடிப் பார்த்துவிட்டால் கடையில் அதைச் சொல்லி உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது.

சோதனையைக் கருவியின் மின்னேற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, தந்தையார் ஓய்வாக அமர்ந்திருக்கும்போது செய்யுங்கள். விரலில் மாட்டும் ஒட்சிசன் அளவுமானியும் அருகில் இருக்கட்டும். பற்றரியை மிச்சப்படுத்துவதற்காக வைத்தியர் சொன்ன நிலையை ஒருபோதும் குறைக்க வேண்டாம். இந்த நோய் உள்ளவர்களுக்கு அளவை மனம்போனபடி கூட்டுவதும் தீங்கு. இரத்தத்தின் ஒட்சிசன் செறிவைப் பெரும்பாலும் 88 முதல் 92 சதவீதத்துக்குள் வைத்திருக்கவே வைத்தியர்கள் முயல்வார்கள். பற்றரியை யாரும் திறந்து கலம் மாற்றித் தருவதாகச் சொன்னால் உடன்படாதீர்கள். அது தீப்பற்றக்கூடியது, உங்கள் வீட்டிலோ அதன் அருகிலேயே ஒட்சிசன் இருக்கிறது.

புறக்கோட்டை வியாபாரி:

நான் மருத்துவ உபகரணம் விற்பவன் அல்லன். முதலாம் குறுக்குத் தெருவில் மின்சாதனக் கடை வைத்திருக்கிறேன். பற்றரிகளை இறக்குமதி செய்து விற்ற அனுபவத்தில் மறுபக்கத்தையும் சொல்ல விரும்புகிறேன். 2016 ஏப்ரல் முதல், தனியாக அனுப்பப்படும் லித்தியம் அயன் பற்றரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்ற முடியாது. சரக்கு விமானத்தில் ஏற்றினாலும் 30 சதவீதத்துக்கு மேல் மின்னேற்றம் இருக்கக்கூடாது. எனவே பலர் கப்பலில்தான் எடுப்பிக்கிறார்கள். தொழிற்சாலையிலிருந்து முகவரின் களஞ்சியத்துக்கும் அங்கிருந்து கடைக்கும் வந்து சேரப் பல மாதங்கள் ஆகின்றன. குறைந்த மின்னேற்றத்துடன் வந்த பற்றரியை யாராவது எடுத்து ஏற்றி வைக்க வேண்டும். அந்த வேலையை முகவர் செய்வார் என்று கடைக்காரரும், கடைக்காரர் செய்வார் என்று முகவரும் விட்டுவிடுவதை என் கண்ணால் கண்டிருக்கிறேன்.

இதனால் கடைக்காரர் குற்றமற்றவர் என்று நான் சொல்ல வரவில்லை. திகதியைப் பார்க்காமல் பற்றரி விற்பவர் பால்மா பெட்டியைத் திகதி பார்க்காமல் விற்பவருக்குச் சமம். ஆனால் அவர் உங்களுக்குப் பணத்தைத் திருப்பித் தந்தால் முகவரிடமிருந்து அதைப் பெற அவருக்குக் கையில் ஒரு தாள் வேண்டும். வாய்ச் சண்டையில் அது கிடைக்காது. பராமரிப்பவரின் எழுத்து வாசிப்புடன் நீங்கள் போனால், அதை முகவரிடம் காட்டித் தன் நட்டத்தை ஈடுசெய்ய அவருக்கும் ஒரு வழி பிறக்கும். கடை உரிமையாளரையே நேரில் சந்தியுங்கள். முகாமையாளர்கள் பல நேரங்களில் உரிமையாளருக்குத் தெரியாமலேயே மறுத்து விடுவார்கள்.

சட்டத்துறை வாசகர்:

முதலில் ஒரு வேண்டுகோள்: கடையின் பெயரை முகநூலில் போட வேண்டாம். உண்மை இன்னும் எழுத்தில் உறுதிப்படாத நிலையில் அது உங்கள் மீதே அவதூறு வழக்கைக் கொண்டு வரலாம். கடைக்காரரும் அதன் பிறகு பேச்சுக்கு இறங்கி வரமாட்டார்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு உங்களுக்கு நேரடியாக உதவும். உற்பத்தியாளரோ வர்த்தகரோ வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ அளித்த உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருளை விற்பது பற்றிய முறைப்பாட்டை அதிகாரசபை விசாரிக்கலாம் என்கிறது அந்தப் பிரிவு. உட்கிடையாக என்ற சொல்லைக் கவனியுங்கள். உத்தரவாத அட்டை தரப்படவில்லை என்பதால் உத்தரவாதமே இல்லை என்று ஆகிவிடாது. பெட்டியில் நான்கு மணித்தியாலம் என்று அச்சிட்டு விற்றது ஓர் உறுதிமொழி. விசாரணையின் முடிவில் பொருளை மாற்றிக் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ, இழப்பீடு வழங்கவோ கட்டளையிட அதிகாரசபைக்கு அதிகாரம் உண்டு. ஆனால் முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும். விற்பனை நடந்த நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் கொடுக்கப்படவும் வேண்டும். நீங்கள் மே 10ஆம் திகதி வாங்கியிருக்கிறீர்கள். "முகவரிடம் அனுப்பியிருக்கிறோம், அடுத்த வாரம் வாருங்கள்" என்ற பதிலுடன் ஓகஸ்ட் முதல் வாரம் கடந்துவிட்டால் இந்த வழி அடைபட்டுவிடும். நல்ல வழக்குகள் பல இப்படித்தான் வீணாகின்றன. கடைக்காரர் கெட்ட எண்ணத்துடன்தான் இழுத்தடிக்கிறார் என்றுகூட இல்லை.

வர்த்தகர் நுகர்வோரைத் தவறாக வழிநடத்தக்கூடிய விதத்தில் நடப்பதை அதே சட்டத்தின் 30ஆம் பிரிவு தடுக்கிறது. மூன்று வயதான பற்றரியைப் "புத்தம் புதியது" என்று சொல்லி விற்றது இதற்குள் வருமா என்பதை விசாரணையில் கேட்கலாம். இதற்கெல்லாம் மிக முந்தையது 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டம். வாங்குபவர் தமது தேவையை விற்பவரிடம் தெரிவித்து, அவரது தொழில் அறிவை நம்பி வாங்கினால், பொருள் அத்தேவைக்கு ஓரளவேனும் பொருத்தமாக இருக்க வேண்டும் என்ற உட்கிடையான நிபந்தனையை அதன் 15ஆம் பிரிவு விதிக்கிறது. உங்கள் தந்தையின் கருவிக்கு என்று சொல்லித்தானே வாங்கினீர்கள்? அந்த உரையாடலை நினைவில் உள்ளபடி இன்றே திகதியிட்டு எழுதி வையுங்கள்.

முதற்படியாகக் கடைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். என்ன வாங்கினீர்கள், என்ன சொல்லப்பட்டது, சோதனையில் என்ன கிடைத்தது, என்ன கேட்கிறீர்கள் என்பவற்றுடன் பதினான்கு நாள் அவகாசம் கொடுங்கள். பிரதியில் பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்குங்கள். மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் கொழும்பு 2, வொக்ஸ்ஹோல் வீதியிலுள்ள அதிகாரசபை அலுவலகத்தில் முறைப்பாட்டைக் கையளிக்கலாம். 1977 என்ற எண்ணுக்கு அழைத்தும் வழிமுறை கேட்கலாம். மருத்துவ சாதனங்களைப் பதிவு செய்வதும் ஒழுங்குபடுத்துவதும் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் பணி. பணத்தைப் பெற்றுத் தருவதற்கு அதை நாட வேண்டாம்.

வெள்ளவத்தைவாசி:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன்.

வடிகட்டியைக் கழற்றியபோது எனக்கு வெட்கமாகிவிட்டது. எங்கள் வீடு காலி வீதியை அடுத்து இருக்கிறது. வடிகட்டி சாம்பல் நிறத் துணிபோல ஆகியிருந்தது. நான்கு ஆண்டுகளில் அதை எத்தனை முறை கழுவினேன் என்று எண்ணிப் பார்க்கவே மனம் வரவில்லை. கழுவுவதற்கு முன் நிலை 2இல் ஒரு மணித்தியாலமும் ஐம்பது நிமிடமும் இயங்கிய பற்றரி, கழுவி உலர்த்தி மாட்டிய பின் இரண்டு மணித்தியாலமும் ஐந்து நிமிடமும் இயங்கியது. இரு சோதனைகளிலும் அப்பா ஓய்வாக அமர்ந்திருந்தார். நிமிடத்துக்கு 22 முதல் 24 மூச்சு வரை இருந்தது. ஆகவே பதினைந்து நிமிடக் குறை என்னுடையது. அதைக் கடிதத்தில் மறைக்காமல் எழுதினேன்.

பராமரிப்பவர் ஒருவர் பற்றரியை வாசித்துக் கொடுத்த தாளில், மின்னேற்றச் சுற்று 11, வடிவமைக்கப்பட்ட கொள்ளளவு 6.8 அம்பியர் மணி, இப்போது கிடைப்பது 3.9 அம்பியர் மணி என்று உள்ளது. பதினொரு சுற்றும் எங்கள் வீட்டில் நடந்தவையே. அதனால் யாரும் பயன்படுத்தாத பற்றரியைத்தான் விற்றோம் என்று முகாமையாளர் சொன்னது உண்மை. அந்த உண்மையை ஏற்றுக்கொண்டே, பயன்படுத்தாமல் கிடந்த காலத்தில் அதன் கொள்ளளவில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் போய்விட்டது என்பதையும் எழுதினேன்.

ஜூலை 5ஆம் திகதி சனிக்கிழமை கடைக்குச் சென்று உரிமையாளரைச் சந்தித்தேன். அவர் தாளை இருமுறை வாசித்தார். உள்ளே போய் அதே வகையான இன்னொரு பெட்டியை எடுத்து வந்து, என் கண்முன்னே திறந்து அடிப்பக்கத்தைப் பார்த்தார். அதிலும் 2022 மார்ச் என்றே இருந்தது. சிறிது நேரம் எதுவும் பேசாமல் இருந்துவிட்டு, அலமாரியிலிருந்த மீதிப் பெட்டிகளையும் இறக்கி வைக்குமாறு ஊழியரிடம் சொன்னார். பணம் திருப்பித் தருவதாக இன்னும் வாக்களிக்கவில்லை. முகவருடன் பேச வேண்டும் என்றார். கடிதத்தின் பிரதியில் ஒப்பமிட்டுக் கடையின் முத்திரையையும் குத்தித் தந்தார்.

பதினான்கு நாள் 19ஆம் திகதி முடிகிறது. அதிகாரசபைக்கான முறைப்பாட்டைத் தட்டச்சுச் செய்து, பற்றுச்சீட்டு, பெட்டியின் படம், வாசிப்புத் தாள் ஆகியவற்றின் பிரதிகளுடன் உறையில் வைத்திருக்கிறேன். பதில் வராவிட்டால் 21ஆம் திகதி திங்கட்கிழமை காலையில் வொக்ஸ்ஹோல் வீதிக்குப் போவேன். சிலிண்டரை நேற்று மீண்டும் நிரப்பி வைத்தோம்.