மறுமொழி: ‘சூழல் சேவை’க்குப் பதிலாகப் பயன், பேறு

குழுவினருக்கு வணக்கம்.

மலையோர மக்களின் வாழ்க்கை பற்றிய பாடத்தில், காடும் மலையும் மக்களுக்குத் தருபவற்றை (ஆங்கிலத்தில் ecosystem services) எப்படிச் சொல்வது என்று கேட்டுத் தக்கலை அண்ணன் தொடங்கிய இழையை இன்றுதான் முழுதாகப் படித்தேன்.

> ‘சூழல் சேவை’ ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளது. அதையே வைத்துக்கொள்ளலாம்.

புழக்கத்தில் உள்ளது உண்மைதான். ஐ.நா. அழைப்பில் உருவாகி 2005-இல் வந்த புத்தாயிரச் சூழல் மதிப்பீட்டு அறிக்கை (Millennium Ecosystem Assessment) உலகமெங்கும் பரப்பிய சொல்லின் நேர்பெயர்ப்பு அது. ஆனால் சேவை என்றால் செய்கிறவர் ஒருவர், வாங்குகிறவர் இன்னொருவர் என்று ஆகிவிடுகிறது. (இ-சேவை மைய வரிசை நினைவுக்கு வருவது தனிக் கதை.)

நம் குமரி மாவட்டத்துக் குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வைத்திருக்கும் தேன்பெட்டியைப் பாருங்கள். இலையுதிர்ந்த மரம் மாசி வாக்கில் துளிர்க்கும்போது, மூன்று சிற்றிலைகளும் காம்போடு சேரும் இடத்தில் உள்ள சுரப்பிகளில் இனிப்பு நீர் கசியும். பூவே வேண்டாம், தேனீ அதைத்தான் மொய்க்கும். மார்த்தாண்டத்துத் தேனில் பெரும்பகுதி இப்படி வருவதுதான். மரத்தின் பூர்வீகம் அமேசான் காடு; நட்டது மனிதர்; ஈ நம் நாட்டு ஈ; பெட்டியைச் சுமந்து வைத்தது அருமனைக்காரர். இதில் யார் யாருக்குச் சேவை செய்தார்கள்?

> ‘இயற்கைக் கொடை’ அழகாக இருக்கிறதே அக்கா?

அழகுதான் தம்பி. ஆனால் நம் பக்கத்தில் கொடை என்றால் அம்மன் கொடை, மாடன் கொடை என்ற கோயில் விழாக்கள்தான். அங்கே கொடுப்பது நாம், வாங்குவது சாமி. ‘இயற்கைக் கொடை’ என்று தலைப்புப் போட்டால் வில்லுப்பாட்டு எத்தனை மணிக்கு என்று கேட்பார்கள். அதோடு கொடையில் கெட்டதற்கு இடமில்லை. ராத்திரியில் காட்டுப்பன்றி இறங்கி மரச்சீனியை (மரவள்ளியை) கிளறிப் போட்டுவிட்டுப் போகிறதே, அதுவும் காட்டிலிருந்து வருவதுதானே? 2018-இல் சயின்ஸ் இதழில் சாண்டிரா டியாஸ் முதலானோர் எழுதிய கட்டுரை, இயற்கை மக்களுக்குத் தருபவற்றில் நல்லது, கெட்டது இரண்டையும் சேர்த்தே எண்ணுகிறது.

அதனால் என் முன்மொழிவு ‘இயற்கைப் பயன்’. பயன் என்றால் நல்லது மட்டும்தானே என்பீர்கள். வினைப்பயன் என்று சொல்லும்போது இரண்டையும்தானே சொல்கிறோம்! நற்பயன், தீப்பயன் என்று பிரித்துக்கொள்ளவும் வசதி.

இன்னொரு சொல்லும் வேண்டும். மலை தருவது ஒன்று, அது ஒருவர் கைக்கு வந்து சேர்வது வேறொன்று. 1906-இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணை, கோதையாற்றுத் தண்ணீரைப் பிடித்துக் கால்வாய் வழியே நாஞ்சில் நாட்டு வயலுக்கு அனுப்புகிறது. கீழே இருப்பவருக்கு அது கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூ (போகம்) நெல். அணைக்கு மேலே உள்ள சில காணிப் பழங்குடிக் குடியிருப்புகளுக்கோ, அதே தண்ணீர் பள்ளிக்கும் சந்தைக்கும் போகப் படகில் கடக்க வேண்டிய தடை. ஒரே மழை, ஒரே காடு. மொத்தத்தையும் ‘சேவை’ என்ற ஒரே கட்டத்தில் போட்டால், மாவட்டத்துக்கு நிறையக் கிடைக்கிறது என்று கணக்கு முடிந்துவிடும். யாருக்கு என்ற கேள்வியே எழாது. மலை தருவதைப் பயன் என்றும், ஒரு வீட்டுக்கு வந்து சேர்ந்ததைப் ‘பேறு’ என்றும் சொல்வோம். பேறு என்றால் பிரசவம் அல்லவா என்று சிரிப்பார்கள், சிரிக்கட்டும். பெற்றதெல்லாம் பேறுதான்.

> பாடத்தின் இறுதி இலக்கு ‘நல்வாழ்வு’. இதில் சிக்கல் இல்லை.

இருக்கிறது அண்ணே. மக்கள் நல்வாழ்வுத் துறை அந்தச் சொல்லை ஆஸ்பத்திரிக்குள் கொண்டுபோய்ப் பல வருஷம் ஆயிற்று. 2005 அறிக்கையிலோ உடல்நலம் ஐந்தில் ஒன்றுதான். பாதுகாப்பு, வாழ்வுக்கு வேண்டிய பொருள், நல்ல உறவுகள், விரும்பியதைத் தேர்ந்து செய்யும் சுதந்திரம் ஆகியவை மற்ற நான்கு. ‘நல்லிருப்பு’ எப்படி? நல்லா இருக்கியளா என்று கேட்கும்போது யாரும் ரத்த அழுத்தத்தை மட்டும் கேட்பதில்லை.

இனி உட்பிரிவுகள். தேன், தண்ணீர் போலக் கையில் கிடைப்பதற்கு ‘வழங்கு பயன்’, வழிபாடு, அழகு போல மனத்துக்குக் கிடைப்பதற்குப் ‘பண்பாட்டுப் பயன்’, இரண்டும் சரி. காடு மழைநீரைப் பிடித்துவைத்து மெல்ல விடுவதை ‘ஒழுங்குபடுத்தும் பயன்’ என்றால் போக்குவரத்துப் போலீஸ் வாடை அடிக்கிறது. ‘சீராக்கு பயன்’ போதுமா? அணை நீர்வரத்தை அளந்து பழகிய பொதுப்பணித்துறை ஐயா இதற்குப் பதில் சொன்னால், பட்டியலில் ஏற்றிவிடலாம்.