மறு: மெட்டாஸ்டாசிஸ் – வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

வணக்கம். புற்று நோயாளிகளுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது; அதில் மெட்டாஸ்டாசிஸ் என்பதற்குத் தமிழ்ச் சொல் வேண்டும். ‘பரவல்’ என்றே போடலாமே என்கிறார்கள். கட்டி பக்கத்துத் திசுவுக்குள் ஊடுருவுவதும் பரவல்தான், அதிலிருந்து கழன்ற செல் இரத்தத்திலோ நிணநீரிலோ போய் வேறோர் உறுப்பில் கட்டியாக வளர்வதும் பரவல்தான் என்றால் எப்படி? மெட்டாஸ்டாசிஸ் என்பது இரண்டாவது மட்டும்தானே. (செல்லா, கலமா, உயிரணுவா என்ற சண்டை இன்று வேண்டாம்.)
– கு.

ஐயா, ‘பதியெழல்’. சிலம்பில் ‘பதியெழு அறியாப் பழங்குடி’ (ஊரை விட்டுக் கிளம்பவே அறியாத குடிகள்) என்று இளங்கோ புகார் நகரத்தைச் சொல்கிறாரே, அதேதான். நல்ல செல் அண்டைச் செல்லைப் பற்றிக்கொண்டு தன் பதியிலேயே கிடக்கும்; புற்றுச் செல் அந்தப் பிடியை விட்டுக் கிளம்புகிறது. பதிந்த இடம் பதி, செடிக்குப் பதியம் போடுவதும் அந்த வேர்தான், பதிவு, பதிப்பு...
– செ.

> பதிவு, பதிப்பு...

அண்ணே, போதும்! கிளம்புவதைவிடப் போய் ஊன்றுவதுதான் விஷயம். கிளம்பியவற்றில் பெரும்பாலானவை இரத்த ஓட்டத்திலேயே செத்துப்போகும். ஆங்கில மருத்துவர் ஸ்டீபன் பேஜட் 1889இல், மார்புப் புற்றில் இறந்த 735 பெண்களின் பிணக்கூறாய்வுக் குறிப்புகளைப் பார்த்துவிட்டு, விதை எங்கும் போகலாம், ஏற்ற நிலத்தில்தான் முளைக்கும் என்றார். அதனால் உங்கள் பதியத்தையே எடுத்து ‘புறப்பதியம்’ என்கலாம்.
– ந.

புறப்பதியம் என்றால் எங்கள் வார்டில் யாருக்குப் புரியும்? மார்புப் புற்று எலும்புக்குப் போனால் ‘எனக்கு இப்போ எலும்புப் புற்றுநோயும் வந்துடுச்சா?’ என்று கேட்கிறார்கள். எலும்பில் இருப்பதும் மார்புப் புற்றுச் செல்தான், அதை வைத்துத்தான் மருந்தும். அந்த உறவு சொல்லில் தெரியவேண்டும். மூலப்புற்று, கிளைப்புற்று?
– வ.

கிளை! கிளைஞர், கேளிர் எல்லாம் உறவுதானே, அருமை. ஆனால் கிளை மரத்தை விட்டுப் போகாதே அம்மா. இது போய்விடுகிறது. பதியெழல்தான் சரி.
– செ.

எனக்கும் கிளைப்புற்று பிடித்திருக்கிறது, ஆனால் கல்லீரலில் ‘கிளைப்புற்று’ என்று படித்தால் அங்கேயே கிளைத்தது என்று நினைப்பார்கள். மூன்று பேர் தனிமடலில் ‘எளிமையாகப் போடுங்கள்’ என்றுவிட்டார்கள். ‘வேறிடம் பரவிய புற்று’ என்று அனுப்பிவிட்டேன், அடைப்புக்குறிக்குள் மெட்டாஸ்டாசிஸ்.
– கு.

‘பரவிய’ என்றால் பக்கத்துப் படுக்கைக்காரருக்கும் தொற்றும் என்று நினைக்க மாட்டார்களா? அடுத்த பதிப்பிலாவது மாற்றுங்கள்.
– வ.