கோள்கள் பாடம்: இணைய ஒப்படைப்பு வேண்டுமா, வானம் வேண்டுமா?

நிழற்கோல்:
எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். சூரியக் குடும்பம் பாடத்துக்கு இந்த ஆண்டு இணைய ஒப்படைப்புதான் என்று முடிவாகி, கேள்விகளும் தயாராகவே வந்து சேர்ந்தன. கோள்களை வரிசைப்படுத்துக, பொருத்துக, சரியா தவறா என்று பத்துக் கேள்விகள். திருத்துவது கணினி. வகுப்பில் பெரும்பாலானோர் முழு மதிப்பெண் வாங்கிவிட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து, மாலைச் சிறப்பு வகுப்பு முடிந்து பிள்ளைகளோடு வெளியே வந்தேன். மேற்கு வானத்தில் வெள்ளி பளிச்சென்று நின்றது. அது என்னவென்று கேட்டேன். விமானம் என்றான் ஒருவன். துருவ நட்சத்திரம் என்றாள் ஒரு பெண். "நம் வானில் மிகப் பிரகாசமாகத் தெரியும் கோள் வெள்ளி" என்ற வரிக்குச் "சரி" என்று குறித்து மதிப்பெண் வாங்கியவர்கள்தான் இருவரும்.

இன்னொன்றும் நடந்தது. "வளையங்கள் உள்ள கோள் எது?" என்ற கேள்விக்கு ஒரு மாணவன் யுரேனஸ் என்று குறித்திருந்தான். கணினி அதைத் தவறு என்றது. யுரேனஸின் வளையங்கள் 1977இலேயே கண்டுபிடிக்கப்பட்டவை. 1979இல் வாயேஜர் 1 விண்கலம் வியாழனின் வளையத்தைப் படம் பிடித்தது. 1989இல் வாயேஜர் 2 நெப்டியூனின் வளையங்களை உறுதிசெய்தது. சனிக்கு மட்டுமல்ல, நான்கு பெருங்கோள்களுக்கும் வளையம் உண்டு. கூடுதலாகப் படித்த பிள்ளைக்குத்தான் மதிப்பெண் போனது. அவன் என்னிடம் வந்து, "இனிமேல் புத்தகத்தில் இருப்பதை மட்டும் போடுகிறேன்" என்றான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கோள்களை இணைய ஒப்படைப்பால் கற்பிக்கக் கூடாது என்பதே என் கருத்து. பிள்ளைகளை வானத்தின் கீழ் நிறுத்த வேண்டும்.

அயோவின் நிழல்:
கேள்வி மோசமாக இருந்ததற்கு இணையம் என்ன செய்யும், ஐயா? அதே பத்துக் கேள்விகளைத் தாளில் அச்சடித்துக் கொடுத்திருந்தாலும் யுரேனஸ் என்று எழுதிய பிள்ளைக்குச் சிவப்பு மையில் தவறு போட்டிருப்பார்கள்.

நான் கொடுக்கும் ஒப்படைப்பைச் சொல்கிறேன். வானத்தைத் திரையில் காட்டும் ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருளைத் திறந்து வியாழனைப் பெரிதாக்க வேண்டும். நேரத்தை இரண்டு இரண்டு மணியாக நகர்த்தி, நான்கு பெரிய நிலாக்களும் வியாழனிலிருந்து எவ்வளவு விலகி நிற்கின்றன என்று குறித்துக்கொண்டே போக வேண்டும். வரைபடத்தாளில் போட்டால் நான்கு அலைகள் எழும். அலையின் நீளம் சுற்றுக்காலம், உயரம் சுற்றுப்பாதையின் ஆரம். அயோவுக்கு 1.77 நாள், 4.22 லட்சம் கிலோமீட்டர். கேலிஸ்டோவுக்கு 16.69 நாள், 18.83 லட்சம் கிலோமீட்டர். காலங்களின் விகிதத்தை இருமடியாக்கினால் ஏறத்தாழ 89 வரும். தூரங்களின் விகிதத்தை மும்மடியாக்கினாலும் அதே 89. சுற்றுக்காலத்தின் இருமடி தூரத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும் என்ற கெப்ளரின் மூன்றாம் விதியைச் சொல்லாமலே அந்த இரண்டு 89களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்துவிட்டு ஒரு பெண் எழுந்து நின்றுவிட்டாள்.

கலிலியோ 1610 ஜனவரி 7 அன்று வியாழனருகே மூன்று புள்ளிகளைப் பார்த்தார். ஜனவரி 9 மேகமூட்டம், அந்த இரவு போயிற்று. நான்காவது நிலா கணக்கில் சேர 13ஆம் தேதி ஆயிற்று. எனக்குக் கிடைப்பது வாரத்துக்கு மூன்று பாடவேளை. வானம் எப்போது தெளியும் என்று காத்திருக்க முடியாது.

நிழற்கோல்:
உங்கள் ஒப்படைப்பு அழகானது. ஆனால் அந்த 89 எங்கிருந்து வந்தது? நிலாக்கள் எப்படி நகர வேண்டும் என்ற சூத்திரங்களை ஏற்கெனவே மென்பொருளில் எழுதி வைத்திருக்கிறார்கள். பிள்ளை அளந்தது அந்தச் சூத்திரத்தை. உள்ளே போட்டதுதான் வெளியே வந்தது.

கெப்ளரையே எடுத்துக்கொள்ளுங்கள். வட்டப்பாதையை வைத்து அவர் போட்ட செவ்வாய்க் கணக்கு, வானியலாளர் டைகோ பிராகியின் வெறுங்கண் அளவுகளோடு 8 கலை (ஒரு பாகையில் 60 கலை) முரண்பட்டது. நிலவின் அகலத்தில் ஏறத்தாழக் கால்பங்கு. அந்தச் சிறு முரணை ஒதுக்காமல் பிடித்துக்கொண்டதால்தான் நீள்வட்டம் வந்தது, 1609இல் அச்சேறியது. வட்டப்பாதையை வைத்து எழுதிய மென்பொருள் ஒன்று அன்று அவர் கையில் இருந்திருந்தால், ஒவ்வொரு முறையும் வட்டம்தான் சரி என்று சொல்லியிருக்கும். மென்பொருள் எழுதியவரை மீறாது. வானம் மீறும். அந்த மீறலைச் சந்திக்காத பிள்ளைக்கு அறிவியல் எப்படிப் புரியும்?

எண்கோணம்:
நானும் கற்பிப்பவன்தான். வானத்தைப் பார்த்தாலே புரிந்துவிடும் என்ற நம்பிக்கையை ஏற்க முடியவில்லை.

1987இல் வந்த ஓர் ஆவணப்படத்தில், ஹார்வர்ட் பல்கலைக்கழக மாணவர்கள், முன்னாள் மாணவர்கள், பேராசிரியர்கள் என 23 பேரிடம் பருவகாலங்கள் ஏன் வருகின்றன, நிலா ஏன் வளர்ந்து தேய்கிறது என்ற இரண்டில் ஒன்றைக் கேட்டார்கள். 21 பேரின் விளக்கம் தவறு. அவர்கள் எல்லாரும் பிறந்ததிலிருந்து நிலாவைப் பார்த்தவர்கள். கோடையையும் குளிரையும் உடம்பில் உணர்ந்தவர்கள். பார்த்தும் புரியவில்லையே!

பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரித் தொடக்கத்தில், 14.71 கோடி கிலோமீட்டரில். மிகத் தள்ளிப் போவது ஜூலைத் தொடக்கத்தில், 15.21 கோடியில். வட அரைக்கோளத்தில் ஜனவரி குளிர்காலம். இதை எந்த மாடியில் நின்று எத்தனை இரவு பார்த்தாலும் ஒரு பிள்ளையால் கண்டுபிடிக்க முடியாது. இணையத்தில் ஒரு கேள்வி போதும். "கோடை ஏன் வருகிறது?" என்று கேட்டு, பிள்ளைகள் மனதில் உண்மையாகவே இருக்கும் தவறான விளக்கங்களை விடைகளாக வைக்கிறேன். முப்பது பேர் பதில் சொன்ன அடுத்த நிமிடம், எத்தனை பேர் "சூரியன் பக்கத்தில் வருவதால்" என்று நினைக்கிறார்கள் என்பது எனக்குத் தெரிந்துவிடுகிறது. மறுநாள் பாடத்தை அங்கிருந்து தொடங்குகிறேன். கணினி திருத்துவதை இவ்வளவு வெறுக்கத் தேவையில்லை.

அயோவின் நிழல்:
"உள்ளே போட்டது வெளியே வந்தது" என்ற குற்றச்சாட்டு நியாயமானது. இரண்டு நாளாக அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஆனால் திரை என்றாலே பாவனை என்று ஆகிவிடாது. ஹவாயிலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கும் ஃபால்க்ஸ் தொலைநோக்கிகள் 2 மீட்டர் ஆடி கொண்டவை. பள்ளிப் பிள்ளைகள் இணையம் வழியே அவற்றை இயக்குகிறார்கள். அங்கே மேகம் வந்தால் படம் கெடும். அது உண்மை வானம்தானே?

2007இல் கேலக்சி ஸூ தொடங்கியபோது, லட்சக்கணக்கான விண்மீன்மண்டலப் படங்களை இணையத்தில் வைத்து, வடிவத்தைப் பிரித்துச் சொல்லுங்கள் என்று பொதுமக்களிடம் கேட்டார்கள். ஹன்னி வான் ஆர்கெல் என்ற டச்சுப் பள்ளி ஆசிரியை ஒரு படத்தில் விளங்காத ஓர் ஒளித்திட்டைப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். வானியலாளர்களுக்கும் தெரியவில்லை. இன்று அந்தப் பொருள் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. திரையில் பார்த்துத்தான் கண்டுபிடித்தார். வானியலாளர்களே இன்று கண்ணைத் தொலைநோக்கியில் வைப்பது அரிது.

ஜன்னலோரம்:
நான் ஆசிரியை அல்ல, ஒரு தாய். இரவு மைதானத்துக்கு வாருங்கள் என்று நிழற்கோல் ஐயா அழைத்தால், என் மகளை அனுப்பத் தயங்குவேன். இதை மனம் வருந்தித்தான் எழுதுகிறேன். பெண் பிள்ளை வைத்திருக்கும் பலருக்கும் இந்தத் தயக்கம் உண்டு.

2020 டிசம்பரில் பள்ளிகள் மூடியிருந்தன. மகள் ஆறாம் வகுப்பு. அவள் டீச்சர் மூன்று வார ஒப்படைப்பு ஒன்று கொடுத்தார். தினமும் ஒரே நேரத்தில், ஒரே ஜன்னலில் நின்று, மேற்கே வியாழனையும் சனியையும் வரைய வேண்டும். எதிரே ஏதாவது ஒரு கூரையோ மரமோ படத்தில் இருக்க வேண்டும். அதைப் படம் எடுத்து வகுப்பின் பொதுப் பக்கத்தில் போட வேண்டும். முதல் நாள் கையை நீட்டிப் பிடித்தால் இரண்டுக்கும் நடுவே இரண்டு சுண்டுவிரல் வைக்கலாம். பிறகு ஒன்று. பிறகு விரல் வைக்க இடமில்லை. டிசம்பர் 21 அன்று இடைவெளி வெறும் 6 கலை, நிலவின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு. "அம்மா, ஒட்டிக்கொண்டுவிட்டன" என்று கத்தினாள். இரண்டு கோள்களுக்கும் நடுவே அப்போதும் எழுபது கோடி கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது என்று டீச்சர் சொன்னபோது, நம்பாமல் மறுபடி ஜன்னலுக்கு ஓடினாள்.

எங்கள் பக்கம் மேகம் மறைத்த நாட்களை வேறு பிள்ளைகளின் படங்கள் நிரப்பின. அந்தப் பொதுப் பக்கம் இல்லாவிட்டால் அவளிடம் ஓட்டைகள் நிறைந்த ஒரு நோட்டுதான் இருந்திருக்கும். இணைய ஒப்படைப்புதான் அவளை ஜன்னலுக்கு அனுப்பியது.

எண்கோணம்:
அருமையான ஒப்படைப்பு, அம்மா. ஆனால் ஒரு ஆசிரியருக்கு இருநூறு பிள்ளைகள் என்றால் இருபது நாள் படங்கள் நாலாயிரம். யார் பார்ப்பது? எப்படி மதிப்பெண் போடுவது? ஜன்னலே போகாமல் மென்பொருளைப் பார்த்து வரைந்த பிள்ளையை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஜன்னலோரம்:
எல்லா நாளும் கச்சிதமாக இருக்கும் நோட்டுதான் பொய் நோட்டு என்று அந்த டீச்சர் சொல்வார். "மேகம்", "தூங்கிவிட்டேன்", "பக்கத்து வீட்டு விளக்கு" என்று எழுதிய நாட்களுக்கும் அவர் மதிப்பு கொடுத்தார்.

ஏழு புள்ளி:
பதினொன்றாம் வகுப்பு மாணவன். பெரியவர்கள் பேசும் இடம் என்று தயங்கினேன். எங்கள் வீட்டில் ஒரு கைபேசிதான், அண்ணனும் நானும் பகிர்ந்துகொள்கிறோம். அதில் மென்பொருள் ஏற்ற இடமில்லை. வானமும் எனக்குச் சரியாக இல்லை. தெருவிளக்கு வெளிச்சத்தில் ஓரியன் கூட்டத்தில் ஏழு நட்சத்திரம் மட்டும் தெரியும். அதனால் வானியல் எனக்கானது இல்லை என்றே நினைத்திருந்தேன்.

ஒருமுறை எங்கள் ஆசிரியர், ஓரியனில் உனக்கு எத்தனை தெரிகிறது என்று மட்டும் எண்ணி அனுப்பு என்றார். குளோப் அட் நைட் என்று 2006இலிருந்து உலகம் முழுவதும் நடக்கும் ஒளி மாசுக் கணக்கெடுப்பு அது. குறைவாகத் தெரிவதும் ஒரு பதிவுதான் என்று அவர் சொன்ன பிறகுதான் அனுப்பினேன். உலக வரைபடத்தில் என் புள்ளி ஏறியது. அதற்கு ஒரு நிமிட இணையம் போதுமாயிருந்தது.

நிழற்கோல்:
தம்பி, நீங்கள் எழுதியதை மூன்று முறை படித்தேன். வானத்தின் கீழ் நிறுத்தினால் போதும் என்று எழுதியபோது, உங்கள் வானத்தை நான் நினைத்துப் பார்க்கவில்லை.

முதலில் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன். விடை இணையத்திலேயே கிடக்கும் கேள்வியை இணையத்தில் கொடுக்காதீர்கள். விடை பிள்ளையின் ஜன்னலிலோ வாசலிலோ இருக்கட்டும். இணையம் அதைச் சேர்க்கும் இடமாக இருக்கட்டும். பருவகாலக் கேள்வி விஷயத்தில் எண்கோணம் சொன்னதையும் ஏற்கிறேன். மதிப்பெண்ணுக்காக இல்லாமல், பிள்ளையின் மனதை அறிவதற்காக அது இருக்கும்வரை.

பாடப்புத்தகப் படத்தைப் பற்றியும் யாராவது பேசுவார்கள் என்று எதிர்பார்த்தேன். எட்டுக் கோள்களும் மணிமாலை போலப் பக்கத்தில் பக்கத்தில்! சூரியனை 10 சென்டிமீட்டர் பந்தாக்கினால் பூமி ஒரு மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு, நிற்பது பதினோரு மீட்டர் தள்ளி. வியாழன் ஒரு சென்டிமீட்டர் மணி, 56 மீட்டரில். நெப்டியூன் 323 மீட்டரில். அடுத்த நட்சத்திரமான பிராக்சிமா அதே கணக்கில் ஏறத்தாழ 2,880 கிலோமீட்டரில். பந்தைத் தன் வீட்டு வாசலில் வைத்து, நெப்டியூன் எந்த இடத்தில் வரும் என்று இணைய வரைபடத்தில் குறிக்கச் சொன்னேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் விடை வேறு. பார்த்து எழுத வழியே இல்லை.

அடுத்ததாகக் கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸின் கணக்கைச் செய்ய விரும்புகிறேன். கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில், இரண்டு ஊர்களின் நண்பகல் நிழல்களுக்கு இடையே 7.2 பாகை வேறுபாடு, அதாவது வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு இருப்பதை வைத்து அவர் பூமியின் சுற்றளவைக் கணித்தார். ஒரு வகுப்பு தனியாக இதைச் செய்ய முடியாது. வடக்கு தெற்காகத் தள்ளியிருக்கும் இன்னொரு வகுப்பு வேண்டும். யார் வருகிறீர்கள்?

அயோவின் நிழல்:
என் வகுப்பு வருகிறது. நம் இரண்டு பள்ளிகளுக்கும் நடுவே குறைந்தது ஐந்து பாகை அட்சரேகை வேறுபாடு இருந்தால் நல்லது. ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் என்பதைப் பிள்ளைகளிடம் இருவரும் சொல்லிவிடக் கூடாது. விடை அதில்தான் இருக்கிறது. கோல் ஒரு மீட்டர், தூக்குக்குண்டு வைத்துச் செங்குத்தாக நிறுத்துவோம். பிள்ளைகள் நிழலைத்தான் பார்க்க வேண்டும், சூரியனை அண்ணாந்து பார்க்கக் கூடாது என்று முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். முதல் முயற்சியை மட்டும் மென்பொருளில் ஒத்திகை பார்க்க அனுமதியுங்கள்.

நிழற்கோல்:
ஒத்திகை வேண்டாம். விடையைத் திரையில் பார்த்துவிட்டால் நிழலை அதற்கேற்ப வளைத்துவிடுவார்கள். கடிகாரத்தில் பன்னிரண்டு என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பதினொன்றரையிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி வைத்துக்கொண்டே வந்து, மிகக் குட்டையான நிழலை அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

எண்கோணம்:
மதிப்பெண் எப்படிப் போடப் போகிறீர்கள் என்பதை இருவரும் இன்னும் சொல்லவில்லை. ஒப்படைப்பு என்றால் பதிவேட்டில் ஒரு எண் ஏற வேண்டும். சுற்றளவு 35,000 கிலோமீட்டர் என்று வந்தாலும் 45,000 என்று வந்தாலும் அதே மதிப்பெண்ணா?

நிழற்கோல்:
அதே மதிப்பெண். எங்கே பிசகியது என்று எழுதினால் அதற்கு மேல் ஒன்று.