பாவு ஓட்டுவதில்தான் விஷயம்: சென்னை வீட்டுத்தறி அனுபவங்கள்

திருவான்மியூரிலிருந்து:

நெய்தால் மனசு லேசாகும் என்று கேள்விப்பட்டு வருகிறவர்கள் கண்ணில் நிற்பது நாடா (குறுக்கு நூலைக் கொண்டுபோகும் கட்டை) இங்கும் அங்கும் ஓடுகிற காட்சி மட்டும்தான். அது கடைசி வேலை. நூல் கணக்கு, பாவு ஓட்டுதல் (நீளவாக்கு இழைகளை அளந்து வரிசையாக இழுப்பது), விழுதில் (இழைகளைத் தூக்கி இறக்கும், கண்கள் உள்ள சட்டம்) கோர்த்தல் என்று அதற்கு முன்னாலேயே ஒரு பொழுது போய்விடும். ஆளைக் கட்டிப்போடுவதும் அந்தப் பகுதிதான். இழை எண்ணும்போது வேறு நினைப்பு வந்தால் எண்ணிக்கை தப்பும். மனசு தானாக அங்கேயே நிற்கும்.

மேசைமேல் வைத்து நெய்யும் சின்னத் தறிக்கு ஒரு கணக்கு. விழுதும் அச்சும் (குறுக்கு நூலைத் தட்டிச் சேர்க்கும் சீப்பு) ஒரே சட்டமாக இருக்கும், அங்குலத்துக்கு 10 இழை. 8 அங்குல அகலத்துக்கு 80 இழை. முடிந்த துணி ஒன்றரை மீட்டர் வேண்டுமென்றால் பாவு இரண்டேகால் மீட்டர் ஓட்டுங்கள். நெய்யும்போது பாவு வளைந்து வளைந்து போவதால் பத்தில் ஒரு பங்கு குறையும், முதல் சலவையில் இன்னொரு பங்கு சுருங்கும், தறியின் இரண்டு முனையிலுமாக 45 செ.மீ. வீண். ஆக 80 இழைக்கும் சேர்த்துப் பாவு நூல் 180 மீட்டர். 10ஆம் நம்பர் நூல் நாலு புரி (நாலு இழை சேர்த்து) முறுக்கியது என்றால் பாவுக்கு 43 கிராம், ஊடைக்கு, அதாவது குறுக்கு நூலுக்கு, 35 கிராம். 100 கிராம் வாங்கினால் போதும்.

நம்பர் குழப்பினால்: 1 நம்பர் என்பது ஒரு பவுண்டுக்கு 840 கெஜம். நம்பர் ஏற ஏற நூல் மெல்லிசு. 10ஆம் நம்பர் 8,400 கெஜம். நாலு புரியானால் அதில் கால்வாசி, 2,100. கடையில் "நாலு இழை" என்று கேட்டால் முறுக்காமல் சேர்த்துச் சுற்றியதைக் கொடுத்துவிடுவார்கள். அது பாவுக்கு ஆகாது, நாலில் ஒன்று தொய்ந்து வளையம் போடும். கையில் பிரித்துப் பார்த்து வாங்குங்கள்.

பெரம்பூரிலிருந்து:

புரி முறுக்கிய நூலுக்குக் கஞ்சி தேவையில்ல. ஒற்றைப் புரின்னா கஞ்சி போடாம தறியில ஏத்தாதீங்க, விழுதுல உரசி உரசி பஞ்சு கிளம்பி அறுந்துடும். 100 கிராம் நூலுக்கு 12 கிராம் அரிசி மாவு, அரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவா தண்ணி, நாலு சொட்டு தேங்காயெண்ணெய். மாவு வெந்து கண்ணாடி மாதிரி ஆகணும். வேகாத மாவு காய்ஞ்சதும் பொடியா உதிர்ந்து மடியில விழும், நூலுக்கு ஒண்ணும் மிஞ்சாது. சிட்டத்தை (வளையமாச் சுத்தின நூலை) முக்கிப் பிழிஞ்சு, ரெண்டு கம்புக்கு நடுவுல இழுத்துக் கட்டி, அரைகாய்ச்சல்ல இழைகளைப் பிரிச்சு விடுங்க. முழுசாக் காய்ஞ்சப்புறம் பிரிச்சா நாலு இழை ஒண்ணா ஒட்டியிருக்கும்.

நம்ம ஊர்ல ஐப்பசி, கார்த்திகையில கஞ்சி நூல் காயவே காயாது. ரெண்டாம் நாள் புளிச்ச வாடை, நாலாம் நாள் பூஞ்சணம். கரப்பானுக்கும் விருந்து. அந்த மாசங்கள்ல முறுக்கு நூலோட நிறுத்திக்கறது புத்திசாலித்தனம்.

இன்னொண்ணு, ஏசி. பருத்திக்கு ஈரக்காத்து நல்லது, ஈரத்துல அதுக்கு வலு கூடும். ஏசி அறையில கஞ்சி விறைச்சு வெடிச்சு இழை பட்பட்டுன்னு போகும். குழித்தறியைத் தரையில இறக்கிப் போட்டதுல இந்த ஈரமும் ஒரு லாபம். ஆனா பளபளன்னு மலிவாக் கிடைக்கிற ரேயான் நூல் நேர் எதிர், நனைஞ்சா வலு போயிடும். ரெண்டையும் ஒரே பாவுல கலக்காதீங்க.

மயிலாப்பூரிலிருந்து:

வள்ளுவர் இங்கே தறி போட்டிருந்தார், நூல் கீழே விழுந்தபோது பட்டப்பகலில் விளக்கு கேட்டார், வாசுகி மறுபேச்சில்லாமல் கொண்டுவந்தார் என்று கதை சொல்வார்கள். வாசுகியின் பெருமைக்குச் சொன்ன கதை. கறுப்புப் பாவில் அறுந்த கறுப்பு இழையைத் தேடியவர்களுக்கோ, விளக்கு கேட்டதில் ஆச்சரியமே இருக்காது. விளக்கு இல்லாவிட்டால் பாவுக்கு அடியில் வெள்ளைக் காகிதம் வையுங்கள். வெள்ளைப் பாவுக்குக் கறுப்புத் துணி.

அறுந்தால்: அதே நூலில் 60 செ.மீ. வெட்டிப் பின்பக்க முனையோடு முடிச்சுப் போட்டு, அதே விழுதுக் கண், அதே அச்சுப் பல் வழியாக முன்னால் கொண்டுவாருங்கள். நெய்த துணியில் இரண்டங்குலம் கீழே குண்டூசி குத்தி, எட்டு வடிவில் அதில் சுற்றுங்கள். பக்கத்து இழையையும் இதையும் விரலால் மாற்றி மாற்றி அழுத்தினால் இரண்டும் ஒரே மாதிரி எதிர்க்க வேண்டும். தவறிப் பக்கத்துப் பல்லில் போய்விட்டால் ஓரிடத்தில் நெருக்கம், ஓரிடத்தில் சந்து என்று துணி முடியும் மட்டும் கோடு ஓடும். முதல் இரண்டங்குலத்திலேயே அது தெரிந்துவிடும். "பரவாயில்லை, கையால் செய்தது" என்கிற சமாதானம் எனக்கு ஒத்துவராது. ஊடையை வெட்டிப் பிரித்து எடுங்கள். உருவினால் பாவில் பஞ்சு கிளம்பும்.

8 அங்குலத்தில் தொடங்கிய துணி ஆறரையில் முடிந்தால், ஊடையை நேராக இழுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். ஓர இழைகள் சாய்ந்து அச்சில் தேய்ந்து, முதலில் அறுவதும் அவைதான். ஊடையைச் சாய்வாக, 30 டிகிரி அளவில் விட்டு, பிறகு அச்சைத் தட்டுங்கள். வளைவதற்கு நூல் அப்போதுதான் மிச்சமிருக்கும்.

அம்பத்தூரிலிருந்து:

சாயத்துக்கு வருபவர்கள் போர் தண்ணீரில் ஏமாறுகிறார்கள். 100 கிராம் பருத்தி நூலைச் சலவைச் சோடாவில் வேகவைத்து அலசி, 20 கிராம் கடுக்காய்த் தூள் கரைத்த நீரில் இரவு முழுக்க ஊறவைத்தால் வெளிர் மஞ்சளாக வர வேண்டும். சாம்பல் நிறமாக வந்தால் கடுக்காயைத் திட்டாதீர்கள். தண்ணீரில் இரும்பு இருக்கிறது, கடுக்காயின் துவர்ப்போடு சேர்ந்து கறுக்கிறது. முன்கூட்டியே ஒரு டம்ளர் போர் தண்ணீரில் ஒரு சிட்டிகை கடுக்காய்த் தூள் போட்டுப் பாருங்கள். கறுத்தால் மழைநீர்தான் வழி. கடுக்காய்க்குப் பிறகு அலசாமல் பிழிந்து, 15 கிராம் படிகாரக் கரைசல், அப்புறம் சாயம்.

சாயம் போவதைக் குறையாகவே நினைக்க வேண்டியதில்லை என்பதற்கு நம் ஊர்ப் பெயரே சாட்சி. துவைக்கத் துவைக்கச் சாயம் இறங்கும் மெட்ராஸ் செக் துணியை 1950களின் கடைசியில் அமெரிக்காவில் அதையே பெருமையாகச் சொல்லி விற்றார்கள். வீட்டில் மட்டும் தனியாகத் துவையுங்கள்.

திருவான்மியூரிலிருந்து, மறுபடி:

நேரில் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: கலாக்ஷேத்ராவில் நெசவுக்கூடம் இருக்கிறது, முன்னதாகக் கேட்டுக்கொண்டு போங்கள். தொழில்நுட்பச் சந்தேகங்களுக்குப் பெசன்ட் நகர் ராஜாஜி பவனில் நெசவாளர் சேவை மையம். சிந்தாதிரிப்பேட்டையே 1734இல் நெசவாளர்களுக்காக அமைத்த ஊர். சின்னத் தறிப்பேட்டை என்பதுதான் அப்படி மருவியது என்பார்கள். இப்போது அங்கே தறி தேடாதீர்கள்.

வாய்ப்புக் கிடைத்தால் கோர்வைச் சேலை (உடலையும் கரையையும் தனித்தனி ஊடையால் நெய்து இணைப்பது) நெய்வதைப் பாருங்கள். மூன்று நாடா, இரண்டு ஆள். உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று. ஒரு கரை நாடாவைப் பக்கத்தில் உட்கார்ந்தவர் போடுவார். உடல் ஊடையும் கரை ஊடையும் சேரும் இடத்தில் ஒன்றையொன்று கொக்கி மாதிரிப் பிடித்துத் திரும்ப வேண்டும். ஒருவர் ஒரு நொடி முந்தினாலும் அங்கே கண்ணி தொங்கும். அதனால் இருவரும் பேச்சைக் குறைத்து, அச்சு விழும் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருப்பார்கள். நெய்து முடித்த சேலையைத் திருப்பி அந்த இணைப்பில் நகத்தை ஓட்டினால் லேசாகத் தட்டும்.