கடைசிப் பிரபு பிரதமர் சால்ஸ்பரியாமே!

நூலகப்பூனை:
நேற்று வேறொரு இழையில் மிடில்ஸ்டம்ப் ஒரு முத்து உதிர்த்திருந்தார்: "பிரிட்டனில் பிரபுக்கள் சபையிலிருந்து வந்த கடைசிப் பிரதமர் சால்ஸ்பரி. 1902-உடன் அந்தக் கதை முடிந்தது." காபி புரையேறிவிட்டது எனக்கு. அப்படியானால் அலெக் டக்ளஸ்-ஹியூம் யார்? 14-ஆவது ஹியூம் பிரபு. 1963 அக்டோபர் 19 அன்று பிரதமர் ஆனார். பிரபுவாக இருந்தால் மக்கள் சபையில் உட்கார முடியாது என்பதால் பட்டத்தைத் துறந்தது 23-ஆம் தேதி. நடுவில் நான்கு நாள் பிரபுவும் அவரே, பிரதமரும் அவரே. கழித்தல் கணக்கு தெரிந்தவர்கள் சரிபார்த்துக்கொள்ளலாம்.

மிடில்ஸ்டம்ப்:
சார், அந்த நான்கு நாளும் நாடாளுமன்றம் கூடவே இல்லை. கூடாத சபையில் எந்த நாற்காலியில் உட்கார்ந்து ஆண்டார்? சால்ஸ்பரி வருஷக்கணக்கில் பிரபுக்கள் சபையிலிருந்தே நாட்டை நடத்தியவர். அவரோடு இவரைச் சேர்ப்பது ரொம்ப ஓவர்.

நூலகப்பூனை:
சபை கூடியதா என்று யார் கேட்டது? சபைக்கு லீவு விட்டால் பிரதமர் பதவிக்கும் லீவா? நான்கு நாள் என்றால் நான்கு நாள்தான்.

சிவப்புத்துண்டு:
நான்கா? முந்தைய பிரதமர் மாக்மில்லன் ஆஸ்பத்திரியில் இருந்தபடியே ராஜினாமா செய்தது 18-ஆம் தேதி. அரண்மனை ஹியூமைக் கூப்பிட்டதும் அன்றுதான். ஐந்து நாள்! அதை விடுங்கள், இவரைத் தேர்ந்தெடுத்தது யார்? கன்சர்வேட்டிவ் கட்சிக்குள் ஓட்டெடுப்பே கிடையாது. நாலு பெரிய மனிதர்கள் காதைக் கடித்து முடித்த காரியம். மூத்த அமைச்சர் பட்லரை ஓரங்கட்டிவிட்டு இவரைக் கொண்டுவந்தார்கள். அமைச்சர்களாக இருந்த மாக்லியோடும் பவலும் புது அமைச்சரவையில் சேரவே மறுத்துவிட்டார்கள்.

நூலகப்பூனை:
18-ஆம் தேதி கூப்பிட்டது, அமைச்சரவை அமைக்க முடியுமா என்று பார்த்துவரச் சொல்லி. பட்லர் சம்மதித்த பிறகு 19-ஆம் தேதி திரும்பிப் போய்த்தான் பதவியேற்றார். அரைகுறையாகப் படித்துவிட்டு ஆச்சரியக்குறி போடாதீர்கள் தோழர். நான்கு.

மிடில்ஸ்டம்ப்:
23-ஆம் தேதி பட்டத்தைத் துறந்தார். கின்ராஸ், மேற்கு பெர்த்ஷயர் இடைத்தேர்தலில் ஜெயித்தது நவம்பர் 7. அதுவரை அவர் எந்தச் சபையிலும் இல்லை. நாடாளுமன்றம் கூடுவதையே நவம்பர் 12-க்குத் தள்ளி வைத்தார்கள். உங்கள் கணக்குப்படி "சபையே இல்லாத பிரதமர்" என்று ஒரு புது இனம் ஆரம்பிக்கலாமா?

நூலகப்பூனை:
தாராளமாக. ஆனால் அது 23-க்குப் பிறகு. நான் பேசுவது அதற்கு முன்னால் இருக்கும் நான்கு நாள்.

வந்துபோறவன்:
காங்கிரசை ஆரம்பித்த ஹியூம்தானே இவர்?

நூலகப்பூனை:
அது ஆலன் ஆக்டேவியன் ஹியூம், 1885. வந்த வழியே போகவும்.

சிவப்புத்துண்டு:
பட்டத்தைத் துறந்தது பெரிய தியாகம் போலப் பேசுகிறீர்கள். பட்டத்தைத் துறக்க வழிவிட்ட சட்டம் யார் போராடி வாங்கியது? லேபர் (தொழிற்கட்சி) எம்.பி. டோனி பென். 1960-இல் அப்பா இறந்தார், பட்டம் மகன் தலையில் விழுந்தது, எம்.பி. பதவி போனது. 1961-இல் பிரிஸ்டல் தென்கிழக்கில் மறுபடி நின்று ஜெயித்தார். நீதிமன்றம் அந்த இடத்தைத் தோற்ற வேட்பாளருக்குத் தூக்கிக் கொடுத்தது. 1963 ஜூலை 31-இல் சட்டம் வந்தது, பென் அன்றைக்கே கையெழுத்துப் போட்டுப் பட்டத்தை உதறினார். அதில் ஓசிச் சவாரி செய்தவர் உங்கள் ஹியூம். 1938-இல் ஹிட்லரோடு ஒப்பந்தம் போட ம்யூனிக்குக்குப் போன பிரதமர் சேம்பர்லினோடு கூடப் போனவரும் இவர்தான், மறக்க வேண்டாம்.

நூலகப்பூனை:
அன்று அவர் சேம்பர்லினின் நாடாளுமன்றத் தனிச்செயலாளர். பெட்டி தூக்கியவரைத் தூக்கில் போடுவீர்களா? அப்புறம் 1940-இல் முதுகெலும்பில் காசநோய். இரண்டு வருஷம் மாவுக்கட்டில் அசையாமல் கிடந்தார். படுத்தபடியே மார்க்ஸின் 'மூலதனம்' படித்தார். இந்த இழையில் அதை முழுதாகப் படித்தவர் எத்தனை பேர் என்று கேட்டால் சிலருக்குச் சங்கடமாகிவிடும்.

மிடில்ஸ்டம்ப்:
இதை விட்டுவிட்டீர்கள்: முதல்தர கிரிக்கெட் ஆடிய ஒரே பிரிட்டிஷ் பிரதமர் அவர். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம், மிடில்செக்ஸ் கவுன்டி, எம்.சி.சி. கிளப் மூன்றுக்கும் ஆடியிருக்கிறார். இதைப் போன வருஷமே நான் எழுதினேன். ஒருத்தரும் லைக் போடவில்லை.

நூலகப்பூனை:
பத்து மேட்ச், மொத்தம் 147 ரன். பேரைப் பார்த்து டீமில் சேர்த்திருப்பார்கள்.

மிடில்ஸ்டம்ப்:
நீங்கள் எந்த கவுன்டிக்கு ஆடினீர்கள் சார்?

தேன்மொழி:
கிரிக்கெட்டைவிட அவர் வாய் பிடிக்கும் எனக்கு. "14-ஆவது பிரபு" என்று லேபர் தலைவர் ஹரால்ட் வில்சன் நக்கலடித்தபோது, யோசித்துப் பார்த்தால் அவரும் 14-ஆவது மிஸ்டர் வில்சன்தானே என்றார். 1970-இல் பிரதமர் ஹீத்தின் அமைச்சரவையில் மறுபடி வெளியுறவு அமைச்சர். அடுத்த வருஷம் 105 சோவியத் அதிகாரிகளை நாட்டைவிட்டு வெளியேற்றினார்கள். முன்னாள் பிரதமர் இன்னொருவருக்குக் கீழே போய் வேலை பார்ப்பது லேசா? இதைப் பற்றியெல்லாம் யாராவது பேசலாமே.

நூலகப்பூனை:
பேசலாம் அம்மா, முதலில் நான்கு நாளை ஒப்புக்கொள்ளட்டும்.

சிவப்புத்துண்டு:
ஐந்து. பொருளாதாரக் கணக்கைத் தீக்குச்சிகளை அடுக்கித்தான் போட்டுப் பார்ப்பேன் என்று சொன்னவருக்கு ஏற்ற வக்கீல் நீங்கள். 1964 தேர்தலில் லேபருக்குக் கிடைத்த பெரும்பான்மையும் நான்குதான், அதையும் எண்ணிக்கொள்ளுங்கள்.

நூலகப்பூனை:
ஒரு வருஷம்கூட முழுதாகக் கிடைக்காத ஆள், பதின்மூன்று வருஷம் ஆண்டு களைத்த கட்சியை அவ்வளவு நெருக்கமாகக் கொண்டுவந்து நிறுத்தினார். எண்ணிக்கொண்டேன், நன்றி.

மிடில்ஸ்டம்ப்:
சால்ஸ்பரிதான். ரோஸ்பரி என்ற இன்னொரு பழைய பிரதமர் பற்றிய இழையிலும் இப்படித்தான் கடைசி வரை மல்லுக்கு நின்றீர்கள்.

நூலகப்பூனை:
ரோஸ்பரி இழையில் நான் கேட்ட மூன்று கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. அதை அங்கேயே வந்து எழுதுங்கள், இங்கே பேச்சை மாற்றாதீர்கள்.