‘நான்’ கரைந்த அனுபவம் உண்டா? கரைந்தவர் யாரையாவது பார்த்ததுண்டா? – அனுபவப் பகிர்வு

வழிப்போக்கன்:
மதம் எதுவானாலும் பரவாயில்லை. ‘நான்’ என்கிற நினைப்பு கொஞ்ச நேரமாவது காணாமல் போன அனுபவம் யாருக்காவது உண்டா? அப்படி ஆனவர் என்று நம்பும்படி ஒருவரைச் சந்தித்திருக்கிறீர்களா? கேள்விப்பட்டது வேண்டாம், கண்டதைச் சொல்லுங்கள்.

நானே ஆரம்பித்து வைக்கிறேன். அப்பாவை ஐசியூவில் வைத்திருந்த இரவு. வெளியே நாற்காலி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எதிர்ச் சுவரில் டியூப்லைட் ஒன்று விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவன் எப்போது இல்லாமல் போனேன் என்று தெரியாது. விளக்கு இருந்தது, நர்ஸ் நடக்கும் சத்தம் இருந்தது, பயம்கூட இருந்தது. ஆனால் அது யாருடைய பயமும் இல்லை. சில நிமிடங்கள் இருக்கலாம். “அடடா, எனக்கு இது நடக்கிறதே!” என்று ஓர் எண்ணம் வந்தது பாருங்கள், அதோடு எல்லாம் போயிற்று.

இப்படிப்பட்டவற்றுக்கு அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1902-ல் நான்கு அடையாளம் சொன்னார்: சொல்லில் அடங்காது, எதையோ அறிந்துகொண்ட உணர்வு தரும், நிலைக்காது, நாம் பிடித்து வைத்ததாக இல்லாமல் நம்மைப் பிடித்ததாக இருக்கும். நான்கும் பொருந்துகின்றன. மறுநாள் மருந்து வாங்கும் வரிசையில் ஒருவர் முந்தியபோது எனக்கு வந்த கோபத்தில் மட்டும் இம்மியும் குறைவில்லை. அப்படியானால் மாறியது என்ன?

நிலாமுற்றம்:
நான் கத்தோலிக்கப் பெண். தியானத்துக்காக ஒரு கன்னியர் மடத்தில் தங்கியிருந்தபோது, ஜெபத்தின் நடுவே என் எல்லைகள் எல்லாம் விலகி வெளிச்சம் மட்டும் மிஞ்சிய மாதிரி ஒன்று நடந்தது. யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன் போலிருந்தது. அங்கிருந்த வயதான சிஸ்டரிடம் ஓடினேன்.

அவர் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். நான் மூச்சு விடாமல் சொல்லி முடிக்கும்வரை தலை நிமிரவில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, “ராத்திரி நல்லா தூங்குறியாம்மா?” என்றார். தூங்குகிறேன் என்றேன். “யார்கூடப் பேசாம இருக்கே?”

அக்காவோடு எனக்குப் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அதை அங்கே ஒருவரிடமும் நான் சொல்லியிருக்கவில்லை. நான் முழித்ததைப் பார்த்து, “அதை மொதல்ல பாரு. வெளிச்சம் எங்கயும் ஓடிடாது” என்று அடுத்த சட்டையை எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான். பாராட்டு இல்லை, விளக்கம் இல்லை. எனக்கு அப்போது எரிச்சலாகத்தான் வந்தது.

பிறகுதான் படித்தேன், இது அவருடைய தனிப் பழக்கம் இல்லை. பரவசங்களுக்குப் பேர்போன ஸ்பானியப் புனிதை அவிலா தெரேசாவே (1515–1582) சமையலறைப் பாத்திரங்களுக்கு நடுவிலும் ஆண்டவர் நடமாடுகிறார் என்று தன் சகோதரிகளுக்குச் சொன்னவர். இறைவனோடு ஒன்றிப்பு நிஜமா என்று பார்க்க அவர் காட்டிய உரைகல் பிறர் அன்புதான். அவருடைய தோழரான துறவி சிலுவை யோவானோ, காட்சிகளைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள் என்று இன்னும் கறாராகச் சொன்னார்.

கல்வெட்டு:
எனக்கு எதுவும் நடந்ததில்லை என்பதையும் ஓர் அனுபவமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். வருடக்கணக்காக உட்கார்ந்ததில் கால் மரத்துப்போனதுதான் மிச்சம்.

2011-ல் யேல் பல்கலைக்கழகத்தினர் பழுத்த தியானிகளின் மூளையை ஸ்கேன் செய்தபோது, தன்னைப் பற்றிய அசைபோடலோடு தொடர்புடைய பகுதிகள் அடங்கியிருந்தன. ஐசியூ வாசலில் நடந்ததும் அப்படி ஏதாவது இருக்கலாம். அதற்கு மேல் அதில் பிரம்மத்தையோ பரலோகத்தையோ ஏற்ற எனக்குத் துணிச்சல் இல்லை.

சாம்பல்புறா:
எங்கள் நன்னா (தாத்தா) ஒரு ஷெய்கிடம், அதாவது சூஃபி குருவிடம், பைஅத் (சீடராக உறுதிமொழி) வாங்கியவர். சிறுவயதில் அவரோடு திக்ரு மஜ்லிஸுக்கு (கூடி இறைநாமம் ஓதும் சபைக்கு) போவேன். ஒரு தடவை, திக்ரு முடிந்தும் ஓர் இளைஞர் அழுதபடி “நான் இல்லை, நான் இல்லை” என்று தரையில் அடித்துக்கொண்டிருந்தார். பார்த்தவர்களுக்கெல்லாம் மெய்சிலிர்த்துவிட்டது. ஷெய்கு பொறுமையாகக் காத்திருந்துவிட்டு, “இல்லாதவர் ஏன் வாப்பா இவ்வளவு சத்தம் போடணும்?” என்றார். பக்கத்திலிருந்தவர்களுக்குச் சிரிப்பு. அந்த இளைஞரும் சிரித்துவிட்டார். எனக்குப் பிடித்தது அதுதான்.

சூஃபிகள் ‘ஃபனா’ என்று அழிவைச் சொல்வதோடு நிறுத்துவதில்லை. ‘பகா’ என்று ஒன்று உண்டு: அழிந்தவர் இறைவனைக் கொண்டு நிலைபெற்று, மறுபடி மனிதர்களிடையே புழங்குவது. “அனல் ஹக்” (நானே மெய்ப்பொருள்) என்ற சூஃபி ஹல்லாஜ் பாக்தாதில் 922-ல் கொல்லப்பட்டார் (அதில் அரசியலும் கலந்திருந்தது). இன்னொரு சூஃபியான ஜுனைதோ, பரவசப் போதைக்குப் பின் வரும் தெளிவுதான் மேல் என்றார். நன்னா ஹல்லாஜுக்காகக் கண் கலங்குவார். நடைமுறையில் மட்டும் ஜுனைத் கட்சி.

மழைக்குறி:
எல்லோரும் கரைந்தவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். கரையாமல் வீட்டில் மிஞ்சியவள் பேசுகிறேன்.

என் வீட்டுக்காரர் ஒரு குழுவில் சேர்ந்தார். பெயர் வேண்டாம். குழந்தைக்கு 103 டிகிரி காய்ச்சல், நான் ஈரத்துணியோடு அல்லாடுகிறேன், அவர் பக்கத்து அறையில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார். கதவைத் தட்டினால், “பதறாதே, சாட்சியா இருந்து பாரு” என்கிறார். கத்தினேன். “அது உன் ஈகோ பேசுது” என்றார். வாக்குவாதத்தில் இதற்கு மேல் என்ன பதில் சொல்ல முடியும், சொல்லுங்கள்? நான் எதைச் சொன்னாலும் அது ஈகோவாகிவிடும். மனசில் இருக்கும் புண்ணைத் தொடாமல் ஆன்மிகத்தால் மூடிக்கொண்டு போகிற இந்தப் போக்குக்கு, ஜான் வெல்வுட் என்ற உளவியலாளர் 1980-களிலேயே பெயர் வைத்துவிட்டார் என்று பின்னால் தெரிந்தபோது கொஞ்சம் ஆறுதல்.

இன்னொன்று. அகந்தையை விடு என்று யாரிடம் சொல்கிறார்கள், கவனித்திருக்கிறீர்களா? மனைவியிடம், தொண்டரிடம், சம்பளம் வாங்காமல் வேலை செய்யும் சீடரிடம். சொல்பவருக்குத் தனி மேடை. இதில் விதிவிலக்குகளும் உண்டுதான்: ஆன்மா தன்னை முற்றாக இழப்பதைப் பற்றி எழுதிய கிறிஸ்தவப் பெண் மார்கரீத் போரேத், திருச்சபை விசாரணையில் வாய் திறக்கவே மறுத்தார். 1310-ல் பாரிசில் அவரை எரித்தார்கள். எல்லாம் இழந்தவள் அடங்கிப் போவாள் என்று நினைத்தவர்களுக்கு அது பதில்.

வழிப்போக்கன்:
சகோதரி, நான் கேட்ட ‘மாறியது என்ன’ என்பதை இனிமேல் வீட்டில் இருப்பவர்களிடம்தான் கேட்க வேண்டும் போலிருக்கிறது. என் மனைவியிடம் கேட்டேன். பதிலை இங்கே போட முடியாது.

ஒற்றைத்தறி:
தியான முகாம்களில் உதவியாளனாக இருந்தவன் நான். ஒரு பையன் தூங்காமல் சிரித்துக்கொண்டே இருந்தான், எல்லோரும் நான்தான் என்றான். பயிற்சி ஆசிரியர் பூரித்துப் போய், இன்னும் ஆழமாகப் போ என்றார். எனக்கு அவன் கண்களைப் பார்த்துப் பயம். வீட்டுக்குத் தகவல் சொல்லி, மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனார்கள். மருந்திலும் தூக்கத்திலும் தேறினான். இது அபூர்வக் கதை இல்லை. பிரவுன் பல்கலைக்கழகத்தினர் சுமார் 60 தியானிகளிடம் பேசி 2017-ல் வெளியிட்ட ஆய்வில் பயம், தூக்கமின்மை, ‘நான்’ குலைவது என்று 59 வகை அனுபவங்களைப் பட்டியலிட்டிருக்கிறார்கள். பழைய குருமார்களுக்கும் இது தெரியும். ஜப்பானின் ஜென் பௌத்தத் துறவி ஹகுயின், கோயில் மணி ஓசையில் விழிப்புற்றபோது, முந்நூறு வருஷத்தில் தன்னைப் போல் யாரும் இல்லை என்றே நினைத்தாராம். அதைக் கொண்டுபோய்க் காட்டியபோது கிழட்டு ஆசான் ஷோஜு மூக்கைப் பிடித்துத் திருகி, “குகைக்குள் கிடக்கும் பிசாசே” என்றார். அதே ஹகுயின் பிறகு அளவுமீறிய பயிற்சியால் உடம்பு படுத்தியதையும் மறைக்காமல் எழுதிவைத்தார்.

மூக்கைத் திருக ஆள் இல்லாத முகாம்களுக்குப் பிள்ளைகளை அனுப்பாதீர்கள். ஏற்கெனவே மனச்சிகிச்சை எடுத்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நீண்ட முகாம்களில் உட்காரவே வேண்டாம்.

மழைக்குறி:
நிலாமுற்றம் அக்கா, ஒன்று கேட்கட்டுமா? உங்கள் அக்காவிடம் பேசினீர்களா?

நிலாமுற்றம்:
பேசினேன்மா. முதல் தடவை போனை வைத்துவிட்டாள். இப்போது வாரா வாரம் பேசுகிறோம். வீட்டுப் பங்கு விஷயத்தில் இன்னும் சண்டைதான்.